ஹான்ஸ் நீல்சன்: நான்கு முறை உலக சாம்பியன், மூன்று முறை வோயன்ஸில் கோட்டை விட்டவர்

விளக்கெண்ணெய்ப் புகை

போன வாரம் மோட்டோஜிபி இழையில் ஒருவர், "பிரேக்கே இல்லாத பைக் பந்தயம் ஒன்று இருக்காமே, உண்மையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். யாரும் பதில் சொல்லவில்லை. உண்மைதான். ஸ்பீட்வே என்று பெயர். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால், மாற்ற வேண்டிய கியர் கிடையாது, பிரேக் கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் ஆளுக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்து 1, கடைசிக்கு ஒன்றுமில்லை.

இதை விளக்குவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. இதில் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் கதை ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஹான்ஸ் நீல்சன். டென்மார்க்கின் வடக்கே ப்ரோவ்ஸ்ட் என்ற சின்ன ஊரில் 1959 டிசம்பர் 26 அன்று பிறந்தவர். 17 வயதில் இங்கிலாந்துக்குப் போய் வுல்வர்ஹாம்ப்டனில் ஓட்டத் தொடங்கினார். அடுத்து பர்மிங்ஹாம். 1984 முதல் 1992 வரை ஆக்ஸ்ஃபோர்டு. தனிநபர் உலகப் பட்டம் 1986, 1987, 1989, 1995. ஜோடிப் பட்டம் ஏழு, அணிப் பட்டம் பதினொன்று. மொத்தம் 22 உலகத் தங்கம்.

இப்படிச் சொன்னால் பெரிய ஆள் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். நான் சொல்ல வந்தது மறுபக்கத்தை.

அவருடைய நான்கு பட்டங்களும் எங்கே தீர்மானமாயின என்று பாருங்கள். 1986 போலந்தின் சோஜுவ். 1987 ஆம்ஸ்டர்டாம். 1989 மியூனிக். அதுவரை ஒரே இறுதிப் போட்டிதான் பட்டத்தைத் தீர்மானித்தது; 1995-இல் பல சுற்றுகளைக் கூட்டிப் பார்க்கும் கிராண்ட் பிரீ தொடர் முறை வந்துவிட்டது, கடைசிச் சுற்று லண்டன் ஹாக்னியில். டென்மார்க்கின் ஸ்பீட்வே கோயில் என்று சொல்லப்படுகிற வோயன்ஸில் ஒன்றுகூட இல்லை. வாய்ப்பு வராமலா? மூன்று முறை வந்தது. 1988-இல் அங்கே உலக இறுதிப் போட்டி. சக டேனிஷ்காரர் எரிக் குண்டர்சனும் இவரும் 14 புள்ளியில் சமம். ரன்-ஆஃபில், அதாவது சமமானவர்களுக்கு மட்டும் வைக்கும் கூடுதல் ஓட்டத்தில், குண்டர்சன் வென்றார். 1994-இல் மறுபடி வோயன்ஸ். ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன், ஆஸ்திரேலியாவின் க்ரெய்க் பாய்ஸ், நீல்சன் மூவருமே 12. மறுபடி ரன்-ஆஃப், ரிக்கார்ட்சன் வென்றார். 1996 கிராண்ட் பிரீ தொடரின் கடைசிச் சுற்றும் வோயன்ஸ்தான். தொடர் முடிந்தபோது அமெரிக்காவின் பில்லி ஹேமில் 113, நீல்சன் 111.

ஒரே இடம், மூன்று தடவை. இதை அதிர்ஷ்டக்கேடு என்பதா, அழுத்தத்தில் தடுமாறினார் என்பதா? இங்கே ஸ்பீட்வே தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள். வாருங்கள்.

---

சோழவரம் பழசு

பிரேக் இல்லாத பைக்கில் எப்படி சார் திரும்புவது? நான் சோழவரத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன், தார் ரோடுதான் தெரியும். இந்த மண் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கினால் மேற்கொண்டு படிக்கச் சௌகரியமாக இருக்கும்.

அப்புறம் உங்கள் பெயர் ஏன் விளக்கெண்ணெய்ப் புகை?

---

விளக்கெண்ணெய்ப் புகை

பெயர்தான் முதலில். ஸ்பீட்வே எஞ்சினுக்குக் காலங்காலமாக ஆமணக்கு எண்ணெய் ஊற்றுவார்கள்.  நம் பாட்டிமார் குழந்தைகளை மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த அதே சரக்கு. அது சூடாகிப் புகைந்தால் ஒரு இனிப்பான கருகல் வாசனை வரும். பழைய ரசிகர்களுக்கு அதுதான் ஸ்பீட்வே.

திருப்பம்: பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்பும், முன்சக்கரமோ வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இடது கால் தரையில் உரசும், அதற்காக அந்தக் காலணியின் அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள். வேகத்தைக் குறைப்பது அந்த வழுக்கல்தான். ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் சக்கரம் சட்டென்று பிடித்து ஆளை வேலியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதனால் பயந்தால் விடக்கூடாது, இன்னும் கொடுக்க வேண்டும். சொல்வது எளிது.

---

கணக்குப்பிள்ளை

எனக்கு பைக் தெரியாது, அட்டவணை தெரியும். அந்தக் கால ஒருநாள் இறுதிப் போட்டியின் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். யார் போட்டார்களோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

16 பேர், 20 ஹீட் (ஒவ்வொரு ஓட்டமும் ஒரு ஹீட்), ஒரு ஹீட்டில் 4 பேர். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம், அதிகபட்சம் 15 புள்ளி. ஒரு ஹீட்டில் நான்கு பேர் என்றால் ஆறு ஜோடிகள் மோதுகின்றன. 20 × 6 = 120. பதினாறு பேரில் இருவர் இருவராக எத்தனை ஜோடி எடுக்கலாம்? அதே 120. அதாவது யாரும் யாரையும் ஒரு தடவை சந்திப்பார்கள், ஒரே ஒரு தடவைதான். ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறைவில்லை.

இப்போது 1988-க்கு வாருங்கள். நீல்சன் 14, குண்டர்சன் 14. இருவரும் ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி விட்டிருக்கிறார்கள். அவர்கள் நேருக்கு நேர் சந்தித்த ஹீட்டில் ஒருவர் மற்றவரைத் தோற்கடித்துத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அங்கே வென்றவர் வேறு யாரோ ஒரு மூன்றாம் ஆளிடம் அந்த ஒரு புள்ளியை விட்டிருக்கிறார். அந்த மூன்றாம் ஆள் இல்லையென்றால் ரன்-ஆஃபே வந்திருக்காது. ஒரு வருட உழைப்பு, ஒரு இரவு, ஐந்து நிமிட ஓட்டம், அதில் எவனோ ஒருவன் ஒரு தடவை முந்தியதில் சரித்திரம் மாறுகிறது. இதை விளையாட்டு என்பதா, பரமபதம் என்பதா?

---

ஹெர்னிங் பெடியன்

வணக்கம். பெடியன் என்று பெயர் வைத்து இருபது வருசம் ஆகிறது, இப்ப ஐம்பதைத் தாண்டியாச்சு. எண்பதுகளின் கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டு டென்மார்க் வந்து, யூட்லாந்தில் குந்தின ஆட்களில் நானும் ஒருவன்.

அண்ணை எழுதினதில் ஒரு சின்னத் திருத்தம். வோயன்ஸை நீல்சனின் சொந்த ஊர் மாதிரி நினைக்கவேண்டாம். ப்ரோவ்ஸ்ட் வட யூட்லாந்து, வோயன்ஸ் தெற்கே, ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட. அது ஓலே ஓல்சனின் கோட்டை. ஓல்சன் அந்தப் பக்கத்து ஹாடர்ஸ்லெவ்காரர். 1971, 1975, 1978 என்று மூன்று உலகப் பட்டம், டென்மார்க்குக்கு முதல் பட்டமே அவர் கொண்டுவந்ததுதான். ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1975-இல், வோயன்ஸில் தன் மைதானத்தைத் திறந்தார். பிறகு கிராண்ட் பிரீ தொடர் வந்தபோது அதை நடத்தும் பொறுப்பிலும் அவர்தான் இருந்தார். நீல்சன் 1979-இல் முதல் ஜோடிப் பட்டம் எடுத்தது யாரோடு? ஓல்சனோடு. குருவின் வீட்டு முற்றத்தில் சீடப்பிள்ளை மூன்று தரம் வழுக்கினார் என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

நான் முதல் தரம் வோயன்ஸ் போனது வேலைத்தலத்தில் என்னோடு நின்ற ஒரு டேனிஷ் கிழவர் கூட்டிக்கொண்டு போனதால். எனக்கு அப்ப மொழியும் வடிவாக வராது. மனுசன் வழி முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. உள்ளுக்குப் போய் வளைவுக்குப் பக்கத்தில் நின்றோம். ஆட்கள் எல்லாரும் வெயிலில்லாத நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஏன் என்று விளங்கவில்லை. முதல் ஹீட் வந்து திரும்பினவுடன் விளங்கிச்சு. சக்கரம் கிளப்பின கல்தூள் சள்ளென்று வந்து முகத்தில் அடிச்சுது. வாய்க்குள்ளையும் போச்சு. கிழவர் திரும்பிப் பார்த்து முதல் தரமாகச் சிரித்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி எனக்குத் தந்தார்.

அந்த வாசனை பற்றி எழுதினது முழுக்க உண்மை. எனக்கு அம்மம்மாவின் விளக்கெண்ணெய்ப் போத்தல்தான் ஞாபகம் வந்தது. யூட்லாந்துக் குளிருக்குள் அப்படியொரு மணம் வரும் என்று ஆர் கண்டது.

---

எரிக் கட்சி

இழையின் தலைப்பைப் பார்த்ததும் இரத்தம் கொதித்தது. குண்டர்சன் வென்றால் அது நீல்சனின் துரதிர்ஷ்டமா? அவர் வென்றார் ஐயா, சும்மா கிடைத்ததல்ல.

எரிக் குண்டர்சன், 1959 அக்டோபர் 8. நீல்சனை விடப் பதினோரு வாரம் மூத்தவர், அவ்வளவுதான். 1979 முதல் 1989 வரை இங்கிலாந்தில் ஒரே கிளப், க்ரேட்லி ஹீத். 1982-இல் உலகப் பட்டம் வென்ற கையோடு அந்த அணியின் ப்ரூஸ் பென்ஹால் விலகிப்போனபோது அந்த கிளப் முடிந்தது என்றார்கள். அடுத்த வருடமே லீக் சாம்பியன். 1984 உலக இறுதி, கோதன்பர்க்: குண்டர்சன் முதலிடம், நீல்சன் இரண்டாமிடம். 1985, பிராட்ஃபோர்டின் ஓட்சல்: குண்டர்சன், நீல்சன், அமெரிக்காவின் சாம் எர்மோலென்கோ மூவரும் 13. ரன்-ஆஃப். குண்டர்சன் முதலிடம், நீல்சன் இரண்டாமிடம். 1988 வோயன்ஸ், மறுபடி ரன்-ஆஃப், மறுபடி அதே வரிசை. மூன்றாவது வந்தவர் யான் ஓ. பெடர்சன். மேடையில் நின்ற மூவரும் டேனிஷ்காரர்கள், அதுவும் டென்மார்க் மண்ணில். அதைப் போய் நீல்சன் தோற்ற நாள் என்று எழுதினால் எப்படி?

ரன்-ஆஃப் என்பது சீட்டுக் குலுக்கல் இல்லை. தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருக்கும் நாடா மேலே போகும் கணத்தில் கிளட்சை விடுவது ஒரு கலை. முந்தினால் நாடா அறுந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், கண் இமைக்கிற நேரம் பிந்தினால் முதல் வளைவில் மற்றவன் கிளப்பிய மண்ணைத் தின்ன வேண்டும். "இந்த ஒரு தடவை" என்று வரும்போது அதைச் செய்கிறவனைத்தான் சாம்பியன் என்கிறோம்.

---

விளக்கெண்ணெய்ப் புகை

> நீல்சன் தோற்ற நாள் என்று எழுதினால் எப்படி?

சரி, ஒப்புக்கொள்கிறேன், தலைப்பு ஒருதலைப்பட்சம். ஆனால் நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து லீகில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் தவறாமல் ஓட்டுகிறார்கள். அங்கே சராசரியை ஒரு போட்டிக்கு அதிகபட்சம் 12 புள்ளி என்ற கணக்கில் போடுவார்கள். நீல்சன் தன் ஆக்ஸ்ஃபோர்டு உச்சத்தில் 11-க்கு மேல் வைத்திருந்தார். மழை பெய்து சேறான டிராக், காய்ந்து கல்லான டிராக், வளைவு குறுகின டிராக், எல்லாவற்றிலும். 1985, 1986, 1989 மூன்று முறை ஆக்ஸ்ஃபோர்டு லீக் சாம்பியன். வருடம் முழுக்க யார் சிறந்தவர் என்று கேட்டால் அந்தப் பத்தாண்டில் பெரும்பாலான வருடங்களுக்கு ஒரே பதில்தான். ஒரு இரவில் யார் சிறந்தவர் என்று கேட்டால் மட்டும் பதில் மாறுகிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. இந்த இரண்டு பேரும் 1986 முதல் 1989 வரை நான்கு வருடம் ஜோடிப் போட்டியில் ஒன்றாக ஓட்டி நான்கு முறையும் தங்கம் வாங்கினார்கள். தனிநபர் இறுதியில் ஒருவர் மூச்சை ஒருவர் நிறுத்தப் பார்ப்பார்கள், அதே வருடத்தில் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் வழி விடுவார்கள். 1984 முதல் 1989 வரை ஆறு உலகப் பட்டம், ஆளுக்கு மூன்று. சுமார் ஐம்பது லட்சம் பேர் உள்ள நாடு. அந்த ஆறு வருடமும் வேறு எந்த நாட்டுக்காரனும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை.

---

டூல்கிட்

நாலு பேர் மண்ணில் சுத்துவதற்கு இவ்வளவு இலக்கியமா :) கால்பந்து பார்க்கப் போங்கப்பா.

---

சோழவரம் பழசு

தம்பி டூல்கிட், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைச் சுற்றி ஓடுவதற்கு நீங்கள் எழுதிய நாற்பது பக்க இழையை நான் படித்தேனா இல்லையா? பேசாமல் உட்காரவும்.

எரிக் கட்சியிடம் ஒரு கேள்வி. ஆளுக்கு மூன்று என்று நின்றதே, பிறகு 1990-இல் என்ன ஆயிற்று? நீங்கள் சொல்லும் குண்டர்சன் எங்கே போனார்?

---

எரிக் கட்சி

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எழுதக் கொஞ்சம் கஷ்டம்.

1989 செப்டம்பர் 2 அன்று மியூனிக்கில் நீல்சன் ஒரு ஹீட் கூடத் தோற்காமல் 15-க்கு 15 எடுத்து மூன்றாவது பட்டத்தை வாங்கினார். சரியாக 15 நாள் கழித்து, செப்டம்பர் 17, பிராட்ஃபோர்டு ஓட்சலில் அணி உலகக் கோப்பை இறுதி. 1985-இல் அந்த மும்முனை ரன்-ஆஃபை குண்டர்சன் வென்ற அதே மைதானம். டென்மார்க் 1983 முதல் வரிசையாக ஆறு வருடம் அந்தக் கோப்பையை வைத்திருந்தது. அன்று ஏழாவது எடுக்க வந்திருந்தார்கள்.

முதல் ஹீட். முதல் வளைவு. குண்டர்சன், ஸ்வீடனின் ஜிம்மி நில்சன், அமெரிக்காவின் லான்ஸ் கிங், இங்கிலாந்தின் சைமன் க்ராஸ். நான்கு வண்டியும் ஒன்றில் ஒன்று சிக்கி நான்கு பேரும் விழுந்தார்கள். க்ராஸ் அப்போது க்ரேட்லியில் குண்டர்சனுடைய அணிக்காரர். லான்ஸ் கிங் 1983-இல் க்ரேட்லி சாம்பியனானபோது அதே அணியில் இருந்தவர். அதாவது எதிரி என்று யாரும் இல்லை, எல்லாம் தெரிந்த முகம்.

மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள். குண்டர்சனுக்குக் கழுத்திலும் தலையிலும் அடி. உயிருக்கே ஆபத்தாகக் கிடந்தார். பிறகு பிழைத்து, மெல்ல மெல்ல எழுந்து நடக்கவும் செய்தார். ஓட்டும் வாழ்க்கை அன்றோடு போயிற்று. முப்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் பாக்கி.

கோப்பையை அன்று இங்கிலாந்து வாங்கியது. யாருக்கும் அது ஞாபகம் இருப்பதில்லை.

ஆகவே நீல்சனுக்கு நான்கு, எரிக்குக்கு மூன்று என்று எண்ணி ஒப்பிடும்போது எனக்குச் சுருக்கென்கிறது. ஒருவர் நாற்பதை நெருங்கி 1999 வரை ஓட்டினார். இன்னொருவருக்கு 29 வயதில் முடிந்தது.

---

கணக்குப்பிள்ளை

மேலே உள்ளதைப் படித்துவிட்டு எண்கள் எழுதக் கூச்சமாக இருக்கிறது. வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நியாயம். நான் எடுக்கவில்லை, தவறு என்னுடையது.

---

ஹெர்னிங் பெடியன்

என்னோடு வோயன்ஸ் வந்த கிழவரிடம் ஒருக்கா கேட்டேன், எரிக்கா ஹான்ஸா என்று. இஞ்சத்தைய ஆட்களிடம் இப்படிக் கேட்கவே கூடாது, ஒருத்தரைத் தூக்கி வைத்துக் கதைப்பது அவர்களுக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "ஹான்ஸைப் பார்த்து எப்படி ஓட்டவேண்டும் என்று படிக்கலாம். எரிக்கைப் பார்த்தால் ஓட்டவேண்டும் என்று ஆசை வரும்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

எரிக் பிறகு டென்மார்க் தேசிய அணிக்கு மேலாளராகவும் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

---

எரிக் கட்சி

கிழவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நான் இத்தனை பத்தி எழுதியதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

---

பட்டறை பாலு

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் சொந்தமாக டூ வீலர் பட்டறை வைத்திருப்பவன், ஆகவே எனக்கு வேறு கேள்வி. இந்த ஆட்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? உலக சாம்பியன் பட்டம் வருடத்துக்கு ஒரு ராத்திரி. மீதி நாள்?

---

விளக்கெண்ணெய்ப் புகை

நல்ல கேள்வி பாலு அண்ணா. சோறு போட்டது லீக்தான். எண்பதுகளில் இங்கிலாந்து லீக் எல்லாருக்கும் தலைநகரம். டென்மார்க், ஸ்வீடன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கே பிறந்தாலும் பதினேழு பதினெட்டு வயதில் அங்கே போய் இறங்கிவிடுவார்கள். எடுக்கும் புள்ளிக்குத்தான் காசு. மழை வந்து போட்டி நின்றால் அதுவும் இல்லை. வேனுக்குப் பின்னால் இரண்டு வண்டி, ஒரு மெக்கானிக், ராத்திரி முழுக்க ரோடு.

தொண்ணூறில் காற்று திசை மாறியது. போலந்தில் கம்யூனிச ஆட்சி போய், அங்குள்ள கிளப்புகள் வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிடத் தொடங்கின. முதலில் போன பெரிய பெயர்களில் ஒருவர் நீல்சன். 1990-இல் மோட்டார் லுப்ளின் கிளப். யோசித்துப் பாருங்கள், மூன்று முறை உலக சாம்பியன், கடைகளில் சாமான்கூட ஒழுங்காகக் கிடைக்காத காலத்துப் போலந்தில் போய் ஓட்டுகிறார். அந்த ஊர்க்காரர்கள் அவரைப் புரொஃபசர் என்று கூப்பிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தவர் என்பது ஒரு காரணம், ஓட்டும் விதம் இன்னொரு காரணம். அடுத்த வருடம் லுப்ளின் போலந்து லீகில் இரண்டாமிடம் வந்தது.

இன்றைக்குப் பணம் எல்லாம் போலந்தில். இங்கிலாந்து லீக் தேய்ந்துபோய்விட்டது. குண்டர்சன் ஓட்டிய க்ரேட்லியின் டட்லி வுட் மைதானத்தை 1995-இல் மூடிவிட்டார்கள்.

---

பட்டறை பாலு

புள்ளிக்குக் காசு என்றால் எஞ்சின் செலவு? பிரேக் ஷூ மாற்றுகிற வருமானம்கூட இந்த வண்டியில் வராது போலிருக்கே :) நம்ம தொழிலுக்கு ஆகாது.

சரி, அந்த 1996 கதையைச் சொல்லுங்கள். தொடர் முறை வந்த பிறகும் அவர் தோற்றார் என்றால், ஒருநாள் போட்டி அவரை ஏமாற்றிவிட்டது என்ற உங்கள் வாதம் உடைகிறதே?

---

எரிக் கட்சி

+1. நானும் இதைத்தான் கேட்க வந்தேன். பாலு அண்ணன் ஸ்பானரைச் சரியான இடத்தில் போட்டுவிட்டார்.

---

விளக்கெண்ணெய்ப் புகை

உடைகிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் எப்படி உடைகிறது என்று பாருங்கள்.

1994 வோயன்ஸ்தான் பழைய முறையின் கடைசி இறுதிப் போட்டி. 1936-இல் வெம்ப்லியில் தொடங்கிய ஒருநாள் இறுதி என்ற வழக்கமே அந்த ராத்திரியோடு முடிந்தது. முடிந்ததும் எப்படி? நீல்சன் ரன்-ஆஃபில் தோற்று. பழைய முறை போகிறபோது அவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போயிற்று.

1995-இல் புது முறை. ஆறு நாடு, ஆறு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் பிடித்த இடத்துக்குப் புள்ளி, அதையெல்லாம் கூட்டுவார்கள். முதல் சுற்று வ்ரோஸ்வாஃபில், அங்கே போலந்து நாயகன் டோமஸ் கோலோப் வென்றார். கடைசிச் சுற்றை லண்டன் ஹாக்னியில் க்ரெக் ஹான்காக் வென்றார். ஆனால் தொடரை வென்றது நீல்சன். 35 வயது. இரண்டாமிடம் வந்த ரிக்கார்ட்சனை நன்றாகவே பின்னால் விட்டார். வருடம் முழுக்க யார் சிறந்தவர் என்ற கேள்வியை உலகப் போட்டி முதல் தடவையாகக் கேட்டது, முதல் தடவையே பதில் வந்துவிட்டது.

1996-இல் ஹேமில். அவருக்கு 26 வயது, அவரும் க்ரேட்லிக்காரர், இது எரிக் கட்சிக்குப் பிடிக்கும். ஆறு சுற்றுக்குப் பிறகு இரண்டு புள்ளி வித்தியாசம். இரண்டு புள்ளி என்றால் ஒரு சுற்றில் இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள தூரம். மூன்றாமிடம் வந்த ஹான்காக் இருவருக்கும் எங்கோ பின்னால். இதில் 36 வயதுக்காரர் தடுமாறினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேர் ஓடினார்கள், ஒருவர் அரைச் சக்கரம் முன்னால் வந்தார்.

---

கணக்குப்பிள்ளை

வயது பற்றித் திட்டு வாங்கிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுவிடுகிறேன்.

நீல்சன் உலகப் பட்டத்துக்கான ரன்-ஆஃபில் மூன்று தடவை நின்றார்: 1985, 1988, 1994. மூன்றிலும் இரண்டாமிடம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்தால் மொத்தம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைத் தலைகீழாகப் போட்டால் நீல்சனுக்கு ஏழு பட்டம், குண்டர்சனுக்கு ஒன்று, ரிக்கார்ட்சனுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து. 1996-இன் இரண்டு புள்ளியையும் சேர்த்தால் எட்டு. நியூசிலாந்தின் ஐவன் மௌகரும் ரிக்கார்ட்சனும் எடுத்ததே ஆறுதான், எட்டை ஒரு மனிதரும் எட்டியதில்லை. அதாவது, மூன்று நிமிடம் வேறு மாதிரி போயிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது, எல்லாரும் அவர் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதில் வோயன்ஸின் பங்கு இரண்டு ரன்-ஆஃபும் ஒரு தொடரும்.

---

எரிக் கட்சி

குண்டர்சனுக்கு ஒன்றா! அந்தக் கணக்கை அழிக்கவும். அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் அவருடையது.

---

கணக்குப்பிள்ளை

அழிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது சரிதான். அந்த இரண்டு நிமிடம்தான் அவர்.

---

ஹெர்னிங் பெடியன்

வோயன்ஸுக்கு வக்கீலாக நான் வரவேண்டி இருக்கு. அந்த மைதானம் நீல்சனுக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல வேண்டாம். 1983 அணி உலகக் கோப்பை இறுதி வோயன்ஸில்தான் நடந்தது, டென்மார்க் வென்றது, அந்த அணியில் ஹான்ஸும் இருந்தார், எரிக்கும் இருந்தார். தனிய நின்றால்தான் அது முறைக்கும்.

பிறகு 2003, 2007, 2008 என்று நிக்கி பெடர்சன் மூன்று பட்டம் எடுத்தார். அவரை இஞ்ச பாதிப் பேருக்குப் பிடிக்கும், பாதிப் பேருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. முதல் வளைவில் பக்கத்தில் நிற்கிறவனை வேலிப் பக்கம் தள்ளி அனுப்புகிற ஆள். ஹான்ஸ் அப்படி இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஓட்டினால் உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று கிழவர் சொல்லுவார்.

---

சோழவரம் பழசு

நேற்று ராத்திரி பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். 1988 கிடைத்தது. படம் மங்கல், சத்தம் தகரத்தில் ஆணி உருட்டுகிற மாதிரி. இரண்டு பேர் நாடாவுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். முடிவு தெரிந்தும் பார்க்க மனசு வரவில்லை. இதற்கு நீங்கள் நான்கு பேரும்தான் காரணம்.

ஒரு சந்தேகம். இப்போதும் அந்த ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றுகிறார்களா?

---

ஹெர்னிங் பெடியன்

ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். போன கோடையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இஞ்சையே பிறந்தவள், விளக்கெண்ணெயைக் கண்ணாலும் கண்டதில்லை. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினதும் மூக்கைச் சுருக்கி, "அப்பா, ஆரோ பணியாரம் கருக்கிப்போட்டாங்கள்" என்றாள். கிழவர் இப்ப இல்லை. அவர் தந்த கண்ணாடியைத்தான் அவளுக்குப் போட்டுவிட்டேன், கொஞ்சம் பெரிசு, ஒரு கையால் பிடித்துக்கொண்டே பார்த்தாள்.